ஃபாயில் கார்டு ஃபைல்: ஸ்பாட் கலர் அருமை, ஓவர்பிரின்ட் தொல்லை

"விசிட்டிங் கார்டில் பெயரும் லோகோவும் தங்க ஃபாயிலில் வரணும், இல்லஸ்ட்ரேட்டரில் ஃபைலை எப்படித் தயார் பண்றது?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்திருக்கிறேன். ஃபாயில் என்றால் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தாளில் ஒட்டும் பளபளப்புப் படலம். 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீட்டும் ஓரம்), சி.எம்.ஒய்.கே. (நான்கு மை அச்சு நிறம்), எழுத்தை அவுட்லைன் (வெறும் வடிவம்) ஆக்குவது எல்லாம் தெரிந்த சங்கதி என்பதால் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஃபாயிலுக்கென்று தனி லேயர், அதில் ஒரே ஒரு ஸ்பாட் ஸ்வாட்ச் (நான்கு மையோடு கலக்காமல் தனியாகப் பிரியும் நிறம்). இவ்வளவு சுத்தமான முறை வேறு இல்லை. ஒரே ஃபைலில் மை வேறாகவும் ஃபாயில் வேறாகவும் தானே பிரிந்துவிடும், இடம் மாறாது. ஸ்வாட்சுக்குத் தங்க நிறம் கொடுக்காதீர்கள், கண்ணைக் குத்தும் மெஜந்தா கொடுங்கள். தங்கம்போல் திரையில் அழகாகத் தெரிந்தால், அது மையில்தான் அச்சாகப்போகிறது என்று யாராவது நினைத்துவிடுவார்கள். டின்ட் (நிறத்தின் அடர்த்தி) எப்போதும் 100 சதவீதம். கிரேடியன்ட், நிழல், டிரான்ஸ்பரன்சி கூடவே கூடாது. ஃபாயில் ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. பாதி ஒட்டுவது என்று ஒன்றில்லை. பளபளப்பு ஃபாயிலில் இருக்கும் அலுமினியப் படலத்திலிருந்தும், தங்க நிறம் அதன்மேல் உள்ள மஞ்சள் லேக்கரிலிருந்தும் வருகிறது. நம் ஃபைல் சொல்வது வடிவத்தை மட்டுமே. ஸ்வாட்ச் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு பிளேட் (அச்சுத் தகடு) ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எரிச்சல். ஓவர்பிரின்ட் என்றால் மேலே உள்ள வடிவம் அடியிலுள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே ஏறுவது. அது ஸ்வாட்சின் குணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் குணமாக இருக்கிறது. கருநீலப் பின்னணியில் தங்கப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்பிரின்ட் இல்லாவிட்டால் எழுத்துக்கு அடியில் நீலம் வெட்டப்பட்டு வெள்ளை ஓட்டை விழும். ஃபாயில் அரை மி.மீ. நகர்வது சாதாரணம், நகர்ந்தால் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் வெள்ளைப் பிறை. ஓவர்பிரின்ட் இருந்தால் நீலம் அடியில் தொடர்ந்து ஓடும், ஃபாயில் மேலே மூடிவிடும், நகர்ந்தாலும் வெள்ளை தெரியாது. ஆட்ரிபியூட்ஸ் பேனலில் ஒரு டிக், அவ்வளவுதான். ஆனால் கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் இனிஷியலை மாற்றச் சொல்வார். புதிதாக அடித்த எழுத்துக்கு அந்த டிக் இருக்காது, வழக்கமான திரைக் காட்சியிலும் வித்தியாசம் தெரியாது.

அதனால் பி.டி.எஃப். எடுப்பதற்கு முன் ஃபாயில் லேயரின் பூட்டைத் திறந்து (பூட்டியிருந்தால் செலக்ட் ஆகாது), ஓர் எழுத்தைத் தொட்டு, செலக்ட் – சேம் – ஃபில் கலர், பிறகு ஓவர்பிரின்ட் ஃபில். கோடுகளுக்கு ஓவர்பிரின்ட் ஸ்ட்ரோக் என்று இன்னொரு டிக் உண்டு. எதற்கு வம்பு, முன்கூட்டியே அவுட்லைன் ஸ்ட்ரோக் போட்டு, கோட்டை வடிவமாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவ்யூவில் ஃபாயிலின் கண் குறியை அணைத்தால் நீலம் ஓட்டையில்லாமல் தெரிய வேண்டும். அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவ்யூவிலும் அதையே மறுபடி பாருங்கள். ஃபாயில் பட்டையில் எழுத்தைக் குடைய அதன்மேல் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெள்ளைக்கும் ஓவர்பிரின்ட் ஏறிவிட்டால் எழுத்தே காணாமல் போய்விடும். மைனஸ் ஃபிரன்ட் கொடுத்து நிஜமாகவே வெட்டுங்கள்.

அடர்ந்த மையின் மேல் ஃபாயில் சரியாக ஒட்டாது, அடியில் வெட்டிக்கொடு என்று சில அச்சகங்கள் கேட்கும். அப்போது ஃபாயில் வடிவத்தை நகலெடுத்து, ஆஃப்செட் பாத்தில் மைனஸ் 0.25 மி.மீ. சுருக்கி, அச்சு லேயரில் வெள்ளையாக வையுங்கள். சுற்றிலும் கால் மி.மீ. மை ஃபாயிலுக்கு அடியில் நுழைந்திருக்கும். நகர்வு அதற்குமேல் போனால் வெள்ளை எட்டிப்பார்க்கத்தான் செய்யும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் ஃபாயில் கொஞ்சம் பரவும். ஞ, ணை, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். போல்ட் ஃபான்ட்டில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிவிடும். கோடு 0.75 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. இடைவெளிக்கு 0.4 மி.மீ. வட்டம் ஒன்று வரைந்து ஒவ்வொரு சுழியிலும் வைத்துப் பாருங்கள், நுழையாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அவுட்லைன் ஆன பிறகு புள்ளியை இரண்டு முடி அளவு மேலே தூக்குவதில் தவறில்லை. கோரல் டிராவில் வேலை செய்பவர்கள் கம்பைன் கொடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்கள் ஓட்டையாகிவிடும். வெல்ட்தான் கொடுக்க வேண்டும்.

டோனர் (லேசர் பிரின்டரின் பொடி மை) மேல் ஒட்டும் டிஜிட்டல் ஃபாயில் என்றால் ஃபாயில் பக்கத்தில் 100 கே (முழுக் கறுப்பு மை) மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு அங்கே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு மதிப்பெண் கேட்டால் ஸ்பாட் லேயருக்குத்தான் கொடுப்பேன். ஆனால் விசிட்டிங் கார்டுக்கு அதை அனுப்பப்போவதில்லை! தனித்தனிப் பக்கம்தான்: ஒன்றில் அச்சு மட்டும், நீலம் முழுதாக, அடுத்ததில் ஃபாயில் மட்டும், 100 கே. இரண்டுக்கும் ஒரே ஆர்ட்போர்டு அளவு, ஒரே பிளீட். ஓவர்பிரின்ட் என்ற பேச்சே எழாது. வாடிக்கையாளருக்குக் காட்ட ஜேபெக் ஒன்று தனியாக எடுங்கள். தங்க கிரேடியன்ட் ஆசையை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.