பெரிய ஹால், பெரிய ஸ்பீக்கர், சின்ன வால்யூம்

தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபருக்கு ஓரத்து ஃபோம் வளையம் மாற்றி ஸ்பீக்கர் வீடு திரும்பிய வாரத்திலா நண்பர் இதைக் கேட்க வேண்டும்? மாடியில் 26-க்கு 18 அடியில் பாட்டுக் கேட்கவென்றே ஒரு ஹால் கட்டுகிறாராம். நெட்டைப் பெட்டியான டவரா, கூம்பு வாய் ஹார்னா, தட்டைப் பலகை மாதிரியான பேனலா, எந்த ஸ்பீக்கர் என்று ஆலோசனை. போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

என்னிடம் இருப்பது த்ரீ-வே டவர் ஜோடி, அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவது. பிராண்டைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதே ஜோடியை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வாங்கிய காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சின்ன கார் வந்திருக்கும். ஃபோம் பொடியானதைக் கூட நான் பெரிதுபடுத்தவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் ஃபோம் உதிரும், ரப்பர் வளையம் இன்னும் தாங்கும். டீலர் புது வூஃபர்தான் போட வேண்டும் என்றார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக் வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் இடதும் வலதும் வேறு வேறாகப் பேசும்.

என் புகார் வேறு. பகலில், வீட்டில் ஆள் இல்லாதபோது வால்யூமை ஏற்றினால் இந்த ஜோடிக்கு ஈடு கிடையாது. பாடுபவர் நடுவில், தம்புரா அவருக்குப் பின்னால், வயலினில் வில் திரும்புவது வரை தெரியும். சரி, பகலில் யார் கேட்கிறார்கள்? நான் கேட்பது ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு. வால்யூமை இறக்கியதும் மிருதங்கத்தில் வலது முகமான வலந்தலை மட்டும் மிஞ்சுகிறது. தாழ்ந்து ஒலிக்கும் இடது முகமான தொப்பியைக் காணோம். வித்வானின் இடது கையை யாரோ கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. ஃபோம் மாற்றிய பிறகும் அதே கதைதான்.

இதில் ஸ்பீக்கரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த சுரங்களை இன்னும் வேகமாக இழக்கிறது என்று பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 80 டெசிபெலில் கேட்டதை 40-க்கு இறக்கினால், 50 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் காதுக்கு இன்னொரு 15 டெசிபெல் போலக் குறைந்துபோகும். இதற்காகத்தான் அந்தக் கால ஜப்பான் ஆம்ப்களில் (ஆம்ப்ளிஃபயர்) தாழ்ந்த ஒலியைத் தூக்கிக்கொடுக்கும் லவுட்னஸ் பொத்தான் வைத்தார்கள். யமஹா சில மாடல்களில் இன்றைக்கும் அதைத் திருகும் குமிழாகத் தருகிறது. அவற்றைப் போலப் பல மடங்கு விலை கொடுத்த என் ஆம்ப்பில் லவுட்னஸ் இல்லை, பாஸ் இல்லை, ட்ரெபிளும் இல்லை. கேட்டால் சிக்னலின் தூய்மை கெடக் கூடாதாம். தூய்மையாகத் தொப்பியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஹார்ன் ஸ்பீக்கர் கேட்டேன். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் வடிவமைத்தது, இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. சுவர்கள் சேரும் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கிக்கொள்ளும் உத்தி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதில், கம்பெனி சொல்லும் கணக்கு 105 டெசிபெல். என்னுடையது 87. வித்தியாசம் 18 என்றால், அது 1 வாட்டில் செய்வதற்கு என்னுடையது 60 வாட்டுக்கு மேல் கேட்கும். ஆனால் என்னை அசத்தியது அந்தச் சக்தி இல்லை. அந்த வீட்டுக்காரர் தவில் போட்டார், பேச்சுக் குரலுக்கும் கீழான வால்யூமில். அடி அடியாக வந்தது! காதின் விதி அதற்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் மூலையில் வைத்தால் எந்த ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த ஒலி கூடும். சத்தமாக வைத்தால் கும்மென்று அடைக்கிற அந்தச் சங்கதியே சின்ன வால்யூமில் லவுட்னஸ் பொத்தானின் வேலையைச் செய்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஒரே சுவரில் இரண்டு நல்ல மூலை வேண்டும், அதுதான் சிக்கல். நம் வீடுகளில் ஒன்றில் வாசல், இன்னொன்றில் பூஜை அலமாரி. ஹால் இன்னும் பூச்சு வேலையில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை, கொடுத்துவைத்தவர்.

பேனலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஒலி முன்னாலும் பின்னாலும் போகும், அதனால் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்த வேண்டும். குரல் அற்புதம். தவில் கேட்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் தரை. தயவுசெய்து முழுக்க டைல்ஸ் போட்டு வெறுமையாக விடாதீர்கள். நான் இரண்டு பவானி ஜமுக்காளத்தை விரித்தேன், கைதட்டினால் திரும்பி வரும் எதிரொலி குறைந்தது. தாழ்ந்த ஒலியின் கும்முதலுக்கு அது எட்டாது. அதற்கு நாற்காலியை நகர்த்துவதுதான் செலவில்லாத வைத்தியம்.

ஆக, ஹார்ன் வாங்குங்கள். லவுட்னஸ் குமிழ் இருக்கிற ஆம்ப் வாங்குங்கள். என் டவரை நான் விற்கப்போவதில்லை, நேற்றும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் வெளியே போவார்கள். ஷோரூமுக்குப் போனால் விற்பவர் வால்யூமை ஏற்றித்தான் காட்டுவார். இறக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு. முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.