கலியாணத்துக்கு முன் ஹோர்மோன் ஊசி போடப் போகிற தம்பிமாருக்கு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் என் அக்காவின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் போடவில்லை. இந்த வேலை பார்ப்பது அது ஒன்றுதான் என்றும் நான் நம்பவில்லை.

மருமகனுக்கு 26 வயது. இரவிரவாக மணல் டிப்பர் ஓட்டுகிறவன். ஆவணியில் கலியாணம். ஒரே அலுப்பு, ஒன்றிலும் மனமில்லை என்று போனவனுக்குப் பின்னேரம் நாலு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் 270 (ng/dL). "குறைவாக் கிடக்கு தம்பி. ஊசி போட்டால் சரி, பிள்ளை தங்கிறதுக்கும் நல்லது" என்று சொல்லி, ரிப்போட் வந்த அன்றே முதல் ஊசி. அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒன்று. எந்த ஊசிக்கும் பில் இல்லை.

பிள்ளை தங்கும் என்றது படு பொய். வெளியிலிருந்து இந்த ஹோர்மோன் ஏறினால், விதைகளை வேலை வாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்களையும் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி குறைத்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், விதையும் சிறுக்கும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பும்தான். ஆனால் மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் இழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஹோர்மோன் நிபுணர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். "இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது?" என்பதுதான் அவரின் முதல் கேள்வி. இந்த அளவு காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் இறங்கும். நித்திரை கெட்டாலும் இறங்கும். ஒழுங்காக நித்திரை கொண்டு எழும்பி, வெறும் வயிற்றில், காலை 10 மணிக்கு முன், இரண்டு வேறு நாட்களில் எடுத்து இரண்டிலும் 300க்குக் கீழே இருந்தால்தான் மேலே யோசிக்கலாம். அதன் பிறகும் கோளாறு விதையிலா பிட்யூட்டரியிலா என்று அறிய எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான புரோலக்டின் எல்லாம் பார்க்க வேண்டும். இவனுக்கு ஒன்றும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தும் பயனில்லை. உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிக் கிடப்பதால், ஊசிக்கு முன் உண்மையிலேயே குறைவு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிட்யூட்டரியில் கட்டி வந்தவருக்கும், ஷெல்லடியில் இரண்டு விதையையும் இழந்தவருக்கும் அது தேவை. அவர்களுக்கும் இரத்தம் தடிக்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். பிள்ளை வேண்டும் என்கிறவருக்கு, பிட்யூட்டரிக் கோளாறென்றால், விதையைத் தூண்டும் வேறு ஊசி இருக்கிறது.

மருமகனின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் மிகக் குறைவு. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது. போட்ட மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதித் தாருங்கள் என்று கிளினிக்கில் கேட்டேன். "அந்த டொக்டர் இப்ப இங்க வாறதில்லை அண்ணை" என்றார்கள்.