வடசென்னைப் புழுக்கத்தில் விலை உயர்ந்த சென்ட்கள்: போட்டுப் பழகிய அனுபவம்

விலை உயர்ந்த சென்ட்களைப் பற்றிய விமர்சனங்களில் முக்கால்வாசி குளிர் ஊர்களில் இருந்து வருபவை. அங்கே ஒருவர் ஸ்வெட்டருக்கு மேல் அடித்துக்கொண்டு, பத்து மணி நேரம் நின்றது என்று எழுதுகிறார். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கத்திரி வெயிலில் மெட்ரோ வரை நடந்து, மண்ணடியில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலக ஏசியில் உட்கார்ந்து, சாயங்காலம் மறுபடி அந்தப் புழுக்கத்துக்குள் வருகிற ஆளுக்கு அந்தக் கணக்கு உதவாது. இந்த ஊர்க் காற்றில், இந்தத் தோலில், சில ஆண்டுகளாகப் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். பாதிக்கு மேல் துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கி வந்தவை. மீதி ஐந்து மில்லி, பத்து மில்லி டீகேன்ட்களாக, அதாவது பெரிய பாட்டிலில் இருந்து சின்னக் குப்பியில் ஊற்றித் தருபவையாக, நானே வாங்கியவை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் நீட்டுகிற அட்டைத் துண்டில் தெரிவது முதல் பத்து நிமிஷம் மட்டும்தான். நாம் காசு கொடுப்பதோ மூன்றாவது மணி நேரத்துக்கு.

பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால். ஓ தெ துவாலெட் என்று போட்டிருந்தால் வாசனைப் பொருள் சுமாராக 5 முதல் 15 சதவீதம், ஓ தெ பர்ஃபம் என்றால் 15 முதல் 20. தோலில் பட்டதும் ஆல்கஹால் பறக்கும், கூடவே எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் மாதிரி லேசானவை கிளம்பும். அதற்குப் பிறகு பூக்களும் மசாலாக்களும். சந்தனம், வெட்டிவேர், வனிலா, கஸ்தூரி மணம் தரும் செயற்கைப் பொருட்கள் எல்லாம் கனமானவை, கடைசி வரை தோலோடு கிடக்கும். நம் ஊர்ச் சூட்டில் இந்த வரிசை மாறுவதில்லை, வேகம்தான் மாறுகிறது. முதல் கட்டம் தெருமுனை தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அதனால் எலுமிச்சை மணத்தின் அழகை மட்டும் நம்பி வரும் சென்ட் நமக்கு நஷ்டம். அடித்தளம் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த வகையில் எனக்கு அதிகம் உழைத்தது எர்மெஸ் நிறுவனத்தின் தெர் தெர்மெஸ். ஜான்-க்ளோத் எல்லெனா 2006ல் உருவாக்கியது. ஆண்களுக்கென்று விற்கிறார்கள், நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. முதலில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வரும் கசப்பு கலந்த மணம், அதோடு மிளகு. ஏசி அறையில் இந்தக் கட்டம் நன்றாக நீளும். வெளியே நடந்தால் சீக்கிரம் கரைந்து, அடியில் இருக்கும் வெட்டிவேரும் தேவதாரும் மேலே வந்துவிடும். இங்கேதான் இந்த சென்ட் நம் ஊருக்குப் பொருந்துகிறது. வேர்வை படப் பட அந்த வெட்டிவேர் உலர்ந்த வேரின் மணத்தை விட்டு, பானைத் தண்ணீரில் ஊறிய வேரின் மணத்துக்கு நகர்கிறது. குளிர்ந்த அறையில் இருந்தவரை எனக்கு இது தெரியவே இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு வெளியே போய் வந்த பிறகு முழங்கையின் உட்புறத்தை முகர்ந்தபோதுதான் பிடிபட்டது. வாசனைத் தொழிலுக்குப் போகும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு ஹைதியில் விளைகிறது. நம் கடலூர்ப் பக்கத்திலும் விளைகிறது. சின்ன வயதில் இருந்து அந்த மணத்தோடு வளர்ந்த மூக்குக்கு இதன் மூன்றாவது மணி நேரம் தரும் நிம்மதியை வேறெந்த சென்டும் எனக்குத் தரவில்லை.

தியோரின் ஓ சோவாஜ் 1966ல் வந்தது, எட்மோன் ருத்னிட்ஸ்கா செய்தது. எலுமிச்சை, மூலிகை, அதற்குள் ஹெடியோன் என்ற பொருள் தரும் காற்றோட்டமான மல்லிகைச் சாயல். அருமையான வேலை. ஆனால் மே மாதத்தில் எனக்கு மதியம் வரைகூட நிற்பதில்லை. சாயங்காலம் குளித்துவிட்டுப் போட, சரி.

மல்லிகை என்று வந்தால் நாம் கண்டிப்பான நடுவர்கள். ஷனேல் நம்பர் 5, 1921ல் எர்னெஸ்ட் போ உருவாக்கியது, உலகமே கொண்டாடுவது. அதன் தொடக்கத்தில் வரும் ஆல்டிஹைட் என்ற செயற்கை வாசனைப் பொருள், கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்த பருத்திப் புடவையை விரித்ததுபோல் மூக்கில் ஏறும். பலருக்கு அது சோப்பு வாசனையாகப் பட்டு, அங்கேயே ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிரான்ஸின் கிராஸ் ஊர் மல்லிகை, நாம் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் சொல்லும் அதே இனம். தலையில் வைக்கும் குண்டுமல்லி வேறு இனம். இரண்டையும் பத்ரியன் தெருப் பூக்கடைகளில் காலையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். பிச்சியில் ஒரு பழத்தன்மையும் மெல்லிய தேயிலைச் சாயலும் இருக்கும். குண்டுமல்லி அதைவிடப் பச்சையாகவும் கனமாகவும் இருக்கும். இரண்டிலும் இண்டோல் என்ற பொருள் உண்டு. சாயங்காலம் மொட்டு விரிந்து, ராத்திரி பூ வாடும்போது தலையணையில் வரும் அந்த மயக்கும், கொஞ்சம் அழுக்கும் கலந்த மணத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம்பர் 5 என் தோலில் வேர்வையோடு சேரும்போது அந்த ராத்திரிப் பக்கம்தான் வெளியே வருகிறது. எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது. "வாடின பூவை எதுக்குடி காசு கொடுத்து வாங்கற?" என்று கேட்டார். அவர் மூக்கு சொன்னது சரியான தகவல். பிடிக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் எங்களுக்குள் வேறு.

குண்டுமல்லியை விரும்புகிறவர்கள் தியோரின் ஜாதோரைப் போட்டுப் பார்க்கலாம். 1999ல் வந்தது, கலிஸ் பெக்கர் செய்தது. பழமும் பூவும் சேர்ந்த, வெளிச்சமான வாசனை. நம் சூட்டில் நன்றாகப் பரவும், ஒருபோதும் அழுக்காவதில்லை. அந்தச் சுத்தம்தான் எனக்குக் குறையாகப் படுகிறது. தமிழ்நாட்டு மல்லியில் இருந்து எடுக்கும் சாறு பிரான்ஸ் வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது. பூவை நீராவியில் வடித்தால் மணம் கெடும் என்பதால், கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி ஒரு பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி, அப்சொல்யூட் என்ற கெட்டிச் சாறாக்குகிறார்கள். ஒரு கிலோ சாறுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அவ்வளவு பூவைக் கொட்டியும் பாட்டிலில் முழுப் பூவும் வருவதில்லை. தெருவில் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொள்பவர் எந்த பாரிஸ் நிறுவனத்துக்கும் கடன்பட்டவர் இல்லை என்பதை மனதாரச் சொல்கிறேன்.

அடுத்தது பக்கரா ரூஜ் 540. இதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில்கூடக் கேட்கிறார்கள். பக்கரா என்ற பிரெஞ்சுப் படிகக் கண்ணாடி நிறுவனத்தின் 250ஆம் ஆண்டுக்காக ஃப்ரான்சிஸ் குர்க்ஜான் செய்தது. பிறகு 2015ல் எல்லோருக்குமான விற்பனைக்கு வந்தது. விலை இருபதாயிரத்துக்கு மேல். குங்குமப்பூ, பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால், அம்ப்ராக்ஸான், தேவதாரு. இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அம்ப்ராக்ஸானைப் பற்றி. திமிங்கலத்தில் இருந்து கிடைத்த அம்பர்கிரிஸின் இடத்துக்கு வந்த பொருள் இது. போட்ட கொஞ்ச நேரத்தில் நம் மூக்கு இதற்குப் பழகிவிடும், போய்விட்டது என்று நினைப்போம். போயிருக்காது. லிப்டில் நம்மோடு ஏறுகிறவர் நன்றாக உணர்வார். போய்விட்டதென்று நினைத்து மறுபடி அடித்தால், கூட்டமான மெட்ரோ பெட்டியில் மற்றவர்களுக்குத் தலைவலி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் ஆடைக்குள், போதும். அடுத்த நாள் துவைக்கப் போட்ட சுடிதாரில்கூட இருக்கும். உழைப்பில் குறை சொல்லவே முடியாது. ஆனால் காலையில் இருந்து ராத்திரி வரை ஏறக்குறைய ஒரே வாசனை. வளர்கிற சென்டைத் தேடுகிற எனக்கு இந்த விலை அதிகம்.

கெர்லானின் ஷாலிமார் இதற்கு நேர் எதிர். 1925ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது, ஜாக் கெர்லான் செய்தது, முகலாயர்களின் ஷாலிமார் தோட்டத்தின் பெயர். தொடக்கத்தில் ஏகப்பட்ட பெர்கமோட், அடியில் வனிலா, பிசின், புகை, பதனிட்ட தோலின் மணம். இதை சித்திரையில் போடாதீர்கள், திகட்டும். மார்கழிக் காலையில் போடுங்கள். திருவொற்றியூர் கோயிலுக்கு அதிகாலையில் போகும்போது லேசான குளிரில் பெர்கமோட் மெதுவாக விலகி, வனிலா ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாக மேலே வரும். அந்த மாற்றத்தை முழுதாகப் பார்க்க வருஷத்தில் சில வாரங்கள்தான் நமக்குக் கிடைக்கிறது. அதற்காகவே ஒரு சின்ன பாட்டிலை வைத்திருக்கிறேன்.

ஊத், அதாவது அகில் கட்டையின் மணம், பற்றிக் கேட்பவர்களுக்கு: டாம் ஃபோர்டின் ஊத் வுட், 2007, நல்ல சென்ட், ஆனால் அதில் தெரிவது ஏலக்காயும் மிளகும் சந்தன மரமும் சேர்ந்த ஒரு மென்மை. ஊத் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மண்ணடியில் அத்தர் கடைக்குப் போங்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் பாய் கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, "தேய்க்காதீங்கம்மா, அப்படியே விட்டுட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அப்புறம் விலை பேசலாம்" என்பார். எந்த ஷோரூமிலும் யாரும் எனக்கு இவ்வளவு நேர்மையாக சென்ட் விற்றதில்லை. ஆல்கஹால் இல்லாததால் அத்தர் தூரம் பரவாது, தோலோடு ஒட்டி மெதுவாக மாறும். வேர்வைக்கு இது நன்றாகத் தாங்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்து எடுக்கும் மிட்டி அத்தரும் அங்கே கிடைக்கும். கேரள மழையை மனதில் வைத்து எல்லெனா 2008ல் செய்த எர்மெஸின் 'மழைக்குப் பிந்தைய தோட்டம்' சென்டையும் மிட்டி அத்தரையும் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லெனாவுடையது இஞ்சியும் ஏலமும் தண்ணீரும்; மழை நின்ற பிறகு இலைகளில் இருப்பது. மிட்டி அத்தர் முதல் தூறல் விழுந்த தரை. நமக்குத் தெரிந்த மழை இரண்டாவதுதான்.

சோதிக்கும் முறையில் சில. ஒரு கைக்கு ஒரு சென்ட், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும், குளித்த ஈரத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவிய பிறகு அடித்தால் நிற்கும் நேரம் கூடுகிறது. பெர்கமோட் அதிகம் உள்ள பழைய பாணி சென்ட்களை வெயில் படும் கழுத்தில் அடிக்காதீர்கள், சிலருக்குத் தோல் கறுக்கும். பாட்டிலை ஜன்னலோரத்திலோ, மொட்டை மாடி சூடு இறங்கும் பீரோவின் மேல்தட்டிலோ வைக்க வேண்டாம். அட்டைப் பெட்டியோடு கீழ்த்தட்டில், துணிகளுக்கு நடுவில் வையுங்கள். சூட்டில் முதலில் கெடுவது எலுமிச்சை வகைதான். நூறு மில்லி பாட்டில் தினமும் போடுகிறவருக்கே வருஷக்கணக்கில் வரும். இந்தச் சூட்டில் அவ்வளவு காலம் வைத்திருப்பதை நான் விரும்பவில்லை. முதலில் ஐந்து மில்லி வாங்கி, ஒரு கோடையும் ஒரு மார்கழியும் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் முப்பது அல்லது ஐம்பது மில்லி பாட்டிலுக்குப் போங்கள். என்னிடம் முழு பாட்டில் தீர்ந்து இரண்டாவது முறை வாங்கியது தெர் தெர்மெஸ் மட்டும். நம்பர் 5 பாதியில் இருக்கிறது. பக்கரா ரூஜை அண்ணன் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன், அவர் இருக்கும் ஏசி ஊரில் அது அருமையாக இருக்கிறதாம்.