தினத்துதியா, பொருத்தனையா?

தினமும் கடவுளைத் துதிக்க நிபந்தனை எதுவும் இல்லை. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நன்றி சொல்லலாம், கெடு கிடையாது. பைபிளில் வரும் தானியேல் நாளைக்கு 3 வேளை முழங்காலில் நின்று ஜெபித்தது இந்த வகை. ராஜாவைத் தவிர யாரையும் வேண்டக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி (குகை) என்று சட்டம் வந்த பிறகும் அவர் வழக்கத்தை மாற்றவில்லை. ஒரே குறை, நாளாக ஆக வாய் மட்டும் துதிக்கும், மனசு எங்கோ இருக்கும்.

பொருத்தனையில், அதாவது கடவுளுக்கு இதைச் செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வதில், அப்படி நழுவ முடியாது. அதே பைபிளில் அன்னாள் என்ற பெண் பிள்ளை கேட்டு அழுதபோது, பிறந்தால் ஆலயத்துக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். சாமுவேல் பிறந்து பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். அப்புறம் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போனாள். வளர்கிற பிள்ளையின் அளவைக் கண்ணால் கணக்குப் போட்டுத் தைத்திருப்பாள்! நன்றிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆபத்தும் இதில்தான் அதிகம். இஸ்ரவேல் தலைவன் யெப்தா யோசிக்காமல் நேர்ந்துகொண்டதற்கு அவன் மகள் பலியானாள். பைபிளின் உபாகமம் புத்தகம் 23-ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது: பொருத்தனை செய்யாவிட்டால் பாவமில்லை, செய்துவிட்டுத் தாமதித்தால் பாவம்.

என்னைக் கேட்டால், துதிதான் முதலில். பொருத்தனை செய்வதானால் நம் கைக்கு எட்டுகிற அளவில், நமக்குச் சொந்தமானதில் மட்டும். 61-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: என்றைக்கும் பாட்டு, தினந்தினம் பொருத்தனை.