முறைப்பெண்ணைக் கட்டிய வம்சத்தை எந்த மென்பொருள் ஒழுங்காக அச்சிடும்?

வம்சாவளியைக் கணினியில் ஏற்ற நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச கிராம்ப்ஸ், இணையத்தில் கணக்குத் திறந்து சந்தா கட்டும் மைஹெரிட்டேஜ், வாடகைக்கு ஒரு சர்வர் இடம் எடுத்து நாமே ஓட்டும் வெப்ட்ரீஸ். பெயர், தேதி, திருமணம், படம் ஆகியவற்றை மூன்றிலும் பதியலாம். திரையில் பார்ப்பதற்கும் மூன்றும் குறைவில்லாதவை. கைப்பேசியில் தட்டிப் பார்ப்பதற்கு மைஹெரிட்டேஜ்தான் சுலபம். ஆனால் சஷ்டியப்தபூர்த்திக்கோ குடும்ப ஒன்றுகூடலுக்கோ பெரிய தாளில் அச்செடுத்து மாட்டும்போதுதான் இவற்றின் வித்தியாசம் வெளிப்படும். அதை வைத்துப் பார்த்தால் என் சாய்வு கிராம்ப்ஸ் பக்கம். காரணம் ஒன்றுதான்: நம் குடும்பங்களில் நடக்கும் உறவுக்குள் கல்யாணம்.

வம்சாவளி மென்பொருள்களின் வழக்கமான படங்கள் எல்லாம் ஒரு கணக்கை நம்பி வரையப்படுபவை. ஒருவருக்குப் பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேல் 8, பிறகு 16. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டிய வீட்டில் இந்தக் கணக்கு மூன்றாம் படியிலேயே உடைந்துவிடும். அப்படிப்பட்ட தம்பதியின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி 8 பேர் இருக்கமாட்டார்கள், 6 பேர்தான். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் இன்னும் சிக்கல். ஒரே தாத்தா அப்பா வழியில் தாத்தாவாகவும் அம்மா வழியில் கொள்ளுத்தாத்தாவாகவும் நிற்பார், அதாவது இரண்டு தலைமுறை வரிசையில் ஒரே ஆள். இரண்டு வீடுகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்.

முன்னோர் படம், விசிறிப் படம், வாரிசுப் படம் மூன்றும் இதை ஒரே மாதிரிதான் சமாளிக்கின்றன: ஆளைத் திரும்ப வரைந்துவிடும். இது மென்பொருளின் பிழை அல்ல. மரம் என்ற வடிவத்தில் ஒரு கிளைக்கு வர ஒரே பாதைதான் இருக்க முடியும், இரண்டு பாதை இருந்தால் கிளையை இரண்டு முறை போட்டே ஆகவேண்டும். வாரிசுப் படத்தில் இதன் விலை அதிகம். பேரனும் பேத்தியும் மணந்துகொண்டால் அவர்கள் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் பேரனுக்குக் கீழே ஒரு முறை, பேத்திக்குக் கீழே ஒரு முறை. அடுத்த தலைமுறையிலும் உறவுக்குள்ளேயே முடித்திருந்தால் அந்த இரட்டிப்பு மறுபடி இரட்டிப்பாகும். தாள் நீள்வதோடு போகாது. கிள்ளானிலிருந்து வந்த சின்னம்மா படத்தின் முன் நின்று, "இது எந்த மீனாட்சி?" என்று கேட்பார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கமும் நமக்கு இருக்கிறதே!

கிராம்ப்ஸில் இதற்குச் சரியான ஒரு படம் இருக்கிறது. ரிப்போர்ட்ஸ் மெனுவில் கிராஃப்ஸ், அதற்குள் ரிலேஷன்ஷிப் கிராஃப். இது மரம் வரைவதில்லை, வலை வரைகிறது. ஒருவருக்கு ஒரு பெட்டிதான். அவர் எத்தனை வழியில் சொந்தமானாலும் கோடுகள் அந்த ஒரே பெட்டிக்கு வந்து சேரும். வரையும் வேலையைச் செய்வது கிராஃப்விஸ் என்ற தனி நிரல். லினக்ஸ் இயங்குதளத்தில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் வெளியீட்டுப் பட்டியலில் பிடிஎஃப் வராது, கிராஃப்விஸ் கோப்பு மட்டும் தெரியும். பலர் இந்த இடத்தில்தான் மென்பொருளே சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அமைப்புகளில் கவனிக்க வேண்டியவை சில. முதலில் ஃபில்டர், அதாவது யார் யாரைப் படத்தில் காட்டுவது என்பது. வெறும் டிசென்டன்ட்ஸ் (வாரிசுகள்) என்று தேர்ந்தால் மருமகள்களும் மருமகன்களும் படத்திலிருந்து காணாமல் போவார்கள். விழாவில் மாட்டிய பிறகு இது தெரியவந்தால் வம்புதான். டிசென்டன்ட் ஃபேமிலிஸ் என்பதைத் தேர்ந்தால் துணைகளும் சேர்ந்து வருவார்கள். அடுத்து ஃபேமிலி நோட்ஸ். இது தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போடும் சிறு வட்டம், அதை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒரு கோடு, அம்மாவிடமிருந்து ஒரு கோடு என்று கோடுகள் பெருகிவிடும். மூன்றாவது, சப்கிராஃப்ஸ். கணவன் மனைவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க உதவும் வசதி இது. எளிய குடும்பத்துக்கு நல்லது, சொந்தத்துக்குள் கட்டிய குடும்பத்துக்குக் கெடுதல். கோடுகளை நீளமாக்கிப் படத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும். அணைத்துவிட்டு ஒரு முறை வரைந்து பார்த்தால் தாளின் அளவே குறைந்திருக்கும்.

தாய்மாமன், அக்காள் மகள் ஜோடிக்கு ஒரு விசேஷ நடத்தை உண்டு. கிராஃப்விஸ் பெட்டிகளைப் படிப்படியாக அடுக்கும், பெற்றோர் மேலே, பிள்ளைகள் கீழே. இந்தத் தம்பதியின் வட்டம் இருவருக்கும் கீழே வரவேண்டும் என்பதால் ஒன்று மாமனின் பெட்டி தன் உடன்பிறந்தவர்கள் வரிசையை விட்டு ஒரு படி கீழே இறங்கி உட்காரும், அல்லது அவரிடமிருந்து ஒரு நீளக் கோடு இறங்கும். இரண்டும் சரியான படமே. பிறந்த ஆண்டைப் பெட்டிக்குள் அச்சிட்டுவிட்டால் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

படத்தின் திசையைப் பலரும் மாற்றிப் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழ் என்பதுதான் இயல்பாக வரும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. பெட்டி ஒன்று 5 செ.மீ. அகலம் என்றாலும், ஒரு தலைமுறையில் 60 பேர் இருந்தால் தாள் 3 மீட்டர் போகும். இடமிருந்து வலம் என்று மாற்றினால் பெட்டிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்படும். இரண்டு வரி எழுத்தும் இடைவெளியும் சேர்த்து ஆளுக்கு 12 மி.மீ., 60 பேருக்கு 720 மி.மீ. குறுக்கே 5 தலைமுறைக்கு பெட்டி 60 மி.மீ., இடைவெளி 50 மி.மீ. என்று வைத்தால் 500 மி.மீ. ஏ1 தாள் 594க்கு 841 மி.மீ., அதற்குள் அடங்கிவிடும். உங்கள் குடும்பத்தில் அதிக ஆள் உள்ள தலைமுறை எது என்று எண்ணி, இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளை முடிவு செய்யுங்கள்.

நிறத்துக்கு முழு நிரப்பு வேண்டாம், வண்ண விளிம்பு போதும். நிரப்பினால் மை செலவு, எழுத்தும் அமுங்கும். ஆள் படங்களைச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அது சிறு வடிவப் படங்களை எடுத்துக்கொள்வதால் தாளில் மங்கலாகத்தான் வரும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கிராம்ப்ஸ் ஒவ்வொருவருக்கும் தரும் எண்ணையும் பெட்டியில் போடச் சொல்லலாம்.

பெயர்ப் பதிவில் ஒரு பொறி இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். கிராம்ப்ஸ் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது தந்தையின் குடும்பப் பெயரைத் தானாக எடுத்துப் போடும். அந்த இடத்தில் தந்தையின் தந்தை பெயர் இருப்பதால், பிள்ளைக்குத் தாத்தா பெயர் முதலெழுத்தாக வந்துவிடும். பிரிஃபரன்ஸஸில் சர்நேம் கெஸ்ஸிங் என்பதை 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்று மாற்றிவிட்டுப் பதியத் தொடங்குங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் உள்ள ஆரிஜின் கட்டத்தில் பேட்ரொனிமிக் (தந்தை வழிப் பெயர்) என்று குறித்து, பெயர் வடிவத்தில் பேட்ரொனிமிக் முன்னும் கிவன் (சொந்தப் பெயர்) பின்னும் வருமாறு வைத்தால் முத்து கருப்பையா என்று அச்சாகும். வெறும் 'மு.' என்று இட்டால் தாள் மிச்சமாகும்தான், ஆனால் முத்துவா முருகையாவா என்று பத்து ஆண்டு கழித்துத் தேடுபவருக்குத் தெரியாது. அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ என்று இருக்கும் வடிவத்தை மாற்றுப் பெயராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் ஒரு எழுத்துக்கூட்டல், இங்கே ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று என்று இருக்கும் ஆளைப் பிற்பாடு கண்டுபிடிக்க அதுதான் வழி. அடையாள அட்டை எண்ணை மட்டும் எந்த மென்பொருளிலும் ஏற்ற வேண்டாம்.

மைஹெரிட்டேஜ் அழகில் முன்னே நிற்கிறது. வார்ப்புருக்கள், சட்டங்கள், பின்னணிகள் என்று தேர்ந்து சில சொடுக்கில் பிடிஎஃப் எடுக்கலாம். கணினி பழக்கமில்லாத சித்தப்பாவும் தன் கிளையைத் தானே சேர்ப்பார். இலவசக் கணக்கு 250 பேரோடு நின்றுவிடும். மலேசியக் கிளை, ஊர்க் கிளை எல்லாம் சேர்ந்தால் அந்த எண்ணிக்கையைச் சீக்கிரமே தாண்டிவிடுவோம், பிறகு ஆண்டுச் சந்தாதான். அதன் படங்கள் பெரும்பாலும் மர அமைப்பிலேயே வருபவை, ஆகவே மேலே சொன்ன இரட்டிப்பு அங்கும் வரும். பல சுற்று உறவுத் திருமணம் உள்ள பெரிய குடும்பத்தை அதன் ஆல் இன் ஒன் படத்தில் முழுதாக அச்செடுத்த அனுபவம் எனக்குக் குறைவு. பணம் கட்டுமுன் உங்கள் குடும்பத்தின் மிகச் சிக்கலான மூன்று திருமணங்களை மட்டும் ஏற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 2017இல் இந்தத் தளத்திலிருந்து 9 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கிய கடவுச்சொற்களும் கசிந்தன, அது 2018இல்தான் தெரியவந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மரபணுச் சோதனை வழியாகத் தெரியாத சொந்தம் தேடுவதுதான் நோக்கம் என்றால் கிராம்ப்ஸ் அதற்கு உதவாது, மைஹெரிட்டேஜ்தான் போகவேண்டிய இடம். நம் பக்கத்து ஆவணங்களுக்கு எதுவும் பெரிய உதவி இல்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு மரண அறிவிப்புகளைப் புரட்டினால் மகன், மருமகன், சம்பந்தி என்று முறையோடு பெயர்கள் கிடைக்கும்.

வெப்ட்ரீஸ் நடுவே நிற்கிறது. தரவு நம் கையில், ஆனால் சென்னையிலும் ஜொகூரிலும் இருப்பவர்கள் அவரவர் கணக்கில் நுழைந்து திருத்தலாம், உயிரோடிருப்பவர்களின் விவரத்தை வெளியாருக்கு மறைக்கலாம். குறை அச்சில். அதன் பிடிஎஃப் அறிக்கைகளை உருவாக்கும் நிரல் தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதில்லை. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்து வடிவமைக்கும் நிரலின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் கைலாசம், செல்லம்மா, கோதை எல்லோரும் சிதைந்து வருவார்கள். தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள். அறிக்கையை எச்டிஎம்எல்லாக, அதாவது இணையப் பக்கமாக எடுத்து உலாவியிலிருந்து அச்சிடுவதுதான் வழி. படத்துக்கு ஜிவிஎக்ஸ்போர்ட் என்ற துணை நிரல் இருக்கிறது, அதுவும் கிராஃப்விஸ் கொண்டே வரைவதால் கிராம்ப்ஸ் தரும் அதே வலைப் படம் கிடைக்கும். ஆக, வீட்டில் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் வெப்ட்ரீஸ் மோசமில்லை. வெப்ட்ரீஸ் எழுதப்பட்ட பிஎச்பி நிரல்மொழியின் பதிப்பு மாற்றம், காப்புப் பிரதி, வாடகை எல்லாம் அவர் தலையில். அவர் வேலை மாறிப் போனால் வம்சமும் இணையத்திலிருந்து போய்விடும்.

கிராம்ப்ஸில் இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு: ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்தலாம். தரவுத்தளக் கோப்புறையைப் பகிர்ந்த கிளவுடில் வைத்து இரண்டு பேர் திறந்தால் கெட்டுப்போகும். பலர் சேர்ந்து செய்ய கிராம்ப்ஸ் வெப் என்று சர்வரில் ஓடும் வடிவம் உண்டு, ஆனால் அதற்கும் சர்வர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். புதிய பதிப்புக்கு மாறுமுன் எக்ஸ்எம்எல் கோப்பு வடிவத்தில் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள், மேம்படுத்திய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்காது. படங்களோடு சேர்த்து வைக்க ஜிபிகேஜி வடிவம்.

அச்சுக்கு, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ், சன்ஷைன் பிளாசா போன்ற இடங்களில் பெரிய தாள் அச்சிடும் கடைகள் உண்டு. எஸ்விஜி என்ற படக் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள், கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொடுங்கள். 100 விழுக்காட்டில் அச்சிடச் சொல்லுங்கள். ஏ0 அளவில் செய்ததை ஏ2 தாளுக்குச் சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகி, ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழி வித்தியாசம் தெரியாது. 36 அங்குலச் சுருள் 914 மி.மீ. அகலம், ஏ0வின் 841 மி.மீ. அதில் தாராளமாக அடங்கும். முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சிவப்புப் பேனாவோடு இரண்டு வாரம் விட்டுவையுங்கள். லேமினேட் செய்வது அதற்குப் பிறகு.