ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி: பரீட்சை பாரம் யார் தலையில்?

டெல்டாவில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்ற பேச்சு ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு வீடு ஓடும். மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, பெரும்பாலும் மூன்று வழிகள்தான். அரசு மேல்நிலைப் பள்ளி, ஊருக்குள் வேன் அனுப்பும் மெட்ரிக் பள்ளி, நீட் பயிற்சியையும் சேர்த்து நடத்தும் சிபிஎஸ்இ பள்ளி. கட்டணம், ஆங்கிலம், தூரம் எல்லாவற்றையும் ஒப்பிடுகிறோம். பரீட்சை பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மூன்று இடத்திலும் பாரம் உண்டு, சுமக்கிற ஆள்தான் வேறு.

அரசுப் பள்ளியில் அது முதலில் ஆசிரியர் தலையில் விழும். ரிசல்ட் வந்ததுமே தேர்ச்சி விழுக்காட்டில் எந்த மாவட்டம் முந்தியது, எது பிந்தியது என்று பட்டியல் வந்துவிடும். விழுக்காடு சரிந்த பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பொங்கல் கழிந்ததும் பத்தாம் வகுப்பில் முழுக் கவனமும் 35 மார்க்குக்குத் தடுமாறுகிற பிள்ளைகள் மேல் போய்விடும். 'மெல்லக் கற்போர்' பட்டியல், சாயங்கால வகுப்பு, ஒரு மார்க் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பது. பரீட்சை அன்று காலையில் ஒரு பையனைக் காணோம் என்றால் சாரே பைக்கை எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போவார். ஹால் டிக்கெட் எங்கே என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி, பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வருவார். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் அந்த இரண்டு மாதமும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மெட்ரிக் பள்ளியில் பாரம் பிள்ளை மேல் போகும். வாரத் தேர்வு, ஸ்டடி அவர், அப்பாவின் போனுக்கு வரும் மார்க். சில பள்ளிகளில், நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனருக்காக, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே மார்க் குறைந்த பிள்ளைகளிடம் 'வேறு பள்ளி பாருங்கள்' என்று டிசியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து சேருவது பக்கத்து அரசுப் பள்ளியில். அந்த விழுக்காட்டையும் அங்கே இருக்கிற ஆசிரியர்தான் சுமக்க வேண்டும்!

இன்னொன்று, பிளஸ் ஒன் பாடம். அதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பழக்கத்தை உடைக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கிற வேலை, எடுத்தது சரிதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வர ரொம்ப நாள் ஆகாது. பிளஸ் ஒன் இயற்பியலைத் தாண்டிக் குதித்த பிள்ளை நீட்டில் திணறும், இன்ஜினியரிங் முதல் வருடத்தில் இன்னும் திணறும். அட்மிஷனுக்குப் போகும்போது மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்; பிளஸ் ஒன் பாடம் முழுசாக நடந்ததா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது வழியில் பாரம் மொத்தக் குடும்பத்தின் மேல். நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க், தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், பாதிக் கேள்விகள் உயிரியலில். பயிற்சி இல்லாமல் கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் பணம் கட்டச் சொல்கிற மாதம் ஜூன். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, ஆள் கூலி எல்லாம் அதே மாதம் கேட்கும். நகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். பிள்ளைக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். மாதிரித் தேர்வில் மார்க் இறங்கினால் அதற்கு முதலில் ஞாபகம் வருவது அம்மாவின் வெறும் கழுத்துதான்.

நீட் ஒன்றையே நம்பி பிளஸ் டூ மார்க்கைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கை 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மார்க்கில்தான் நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். வேளாண் படிப்புக்கும் பிளஸ் டூ மார்க்தான்.

மழை மூன்று பள்ளிக்கும் பொது. நவம்பரில் நாகை, திருவாரூர் பக்கம் விடுமுறை விட்டு விட்டு வரும், பாடம் நிற்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு யாருக்காகவும் காத்திருக்காது. சனிக்கிழமை வகுப்பு வைத்து ஓட்டுவார்கள்.

என் ஓட்டு அரசுப் பள்ளிக்கு. அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்த இது பிறகு இன்ஜினியரிங், வேளாண்மைக்கும் நீண்டது. கல்லூரிக்குப் போனதும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 'இப்போது தனியாரில் போட்டுவிட்டு பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்பவர்கள் இந்த ஒதுக்கீட்டை ஆறாம் வகுப்பிலேயே கைகழுவுகிறார்கள்.

ஒரு நிபந்தனை. சேர்க்கும் முன், அந்தப் பள்ளியில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, காலியா என்று விசாரியுங்கள். காலி என்றால் பஸ் ஏறிப் போனாலும் பரவாயில்லை, அடுத்த ஊர் அரசுப் பள்ளியைப் பாருங்கள்.