7 கிலோவில் ஐந்து வாரம்: கேபின் பை மட்டும் கொண்டு கோடைப் பயணம், நீண்ட பயன்பாட்டில் தெரிந்தவை

நான்கு முதல் ஆறு வாரம் வரை நீளும் கோடைக்கால வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரே ஒரு கேபின் பை போதுமா? போதும். 7 கிலோவுக்குள்ளேயே முடித்துவிடலாம். ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, இரவில் இருபது நிமிடம் துணி அலச மனம் வேண்டும். பத்து நாள் போனாலும் நாற்பது நாள் போனாலும் பையில் இருக்கும் உடுப்பின் அளவு ஒன்றேதான்; நாள் கூடினால் துவைக்கும் தடவைதான் கூடும். மாத்திரைகள் மட்டும் இதற்கு விலக்கு. இந்த முறையைப் பாதியில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் காயாத துணியால்தான் கைவிடுகிறார்கள். அதனால் இங்கே பையைவிடத் துணியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். துவைப்பதே பிடிக்காது என்பவர்கள் செக்-இன் பெட்டியோடு போவது நிம்மதி.

முதலில் அளவு. கேபின் பைக்கு உலகம் முழுக்கச் செல்லும் ஒரே அளவு கிடையாது. 55×40×20 செ.மீ. பெரும்பாலான விமானங்களில் தடையில்லாமல் போகும். 55×40×23, 56×45×25 வரை விடுபவர்களும் இருக்கிறார்கள். சக்கரம், கைப்பிடி, வெளிப்பாக்கெட் எல்லாம் இந்த அளவுக்குள் அடக்கம். எடை 7, 8, 10 கிலோ என்று மாறும். எடையே பார்க்காத நிறுவனங்களும் உண்டு. ஒரே பயணத்தில் மூன்று நிறுவனங்களின் விமானம் ஏறுவதாக இருந்தால், மூன்றில் எது கறாரோ அதற்கு ஏற்றபடி கட்ட வேண்டும். தோள்பையைத் தனியாக அனுமதிப்பவர்கள் ஒருபுறம். இரண்டும் சேர்த்தே 7 கிலோ என்பவர்கள் மறுபுறம். மிகக் குறைந்த கட்டண டிக்கெட் சிலவற்றில் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கும் பையே கிடையாது, இருக்கைக்கு அடியில் போகும் 40×30×20 பை மட்டும்தான். டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். கவுன்டரில் நின்று படிக்கும்போது கட்டணம் பல மடங்கு ஆகியிருக்கும்.

நான்கு சக்கர ட்ராலி காலியாகவே 2.5 முதல் 3.2 கிலோ இருக்கும். 7 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டியே எடுத்துக்கொள்கிறது. 35 லிட்டர் பேக்பேக் 1 முதல் 1.5 கிலோவுக்குள் கிடைக்கும். எடை பார்க்கும் விமானத்தில் பேக்பேக்தான் சரி. முதுகிலோ தோளிலோ வலி இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சக்கரமுள்ள துணி ட்ராலி. 40 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, நிரப்பிவிடும். நிரம்பிய பை 20 செ.மீ. ஆழத்தைத் தாண்டிப் புடைத்து நிற்கும். அளவை எப்போதும் நிரப்பிய பிறகு எடுங்கள். ஜிப் மூன்று பக்கமும் ஓடி சூட்கேஸ் போல முழுதாக விரிய வேண்டும். மேல்வாய் மட்டும் உள்ள மலையேற்றப் பையில் அடியில் கிடக்கும் ஒரு சாக்ஸுக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டிவரும். லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தால் பாரம் பின்னால் இழுத்துத் தோள் நோகும்.

எடைக்கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பையும் அதற்குள் துணி வைக்கும் இரண்டு க்யூபும் 1200 கிராம். மெல்லிய டி-ஷர்ட் மூன்று 450, காலர் வைத்த முழுக்கைச் சட்டை ஒன்று 180, நைலான் பேன்ட் ஒன்று 320, அரைக்கால் சட்டை 200, உள்ளாடை நான்கு 240, சாக்ஸ் இரண்டு ஜோடி 90, மெல்லிய ஃப்ளீஸ் 280, மழைச்சட்டை 250. துணி மொத்தம் 2010 கிராம். செருப்பு 450. சீக்கிரம் காயும் துண்டு 130. துவைக்கும் சாமான் 150. குளியல் சாமான் 550. மருந்து 200. சார்ஜர், கேபிள், அடாப்டர், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், இயர்ஃபோன், டேப்லெட் எல்லாம் சேர்ந்து 1020. மூக்குக்கண்ணாடி, பேனா, காகிதம் 250. காலித் தண்ணீர் பாட்டில் 150, மடித்து வைக்கும் பகல்பை 100. கூட்டினால் 6210 கிராம். ஷூ, ஒரு செட் உடை, ஃபோன் ஆகியவை உடம்பில். டேப்லெட்டை எடுத்துவிட்டு 1.2 கிலோ லேப்டாப் வைத்தால் 6910. அதற்குமேல் ஒரு புத்தகம் வைக்கவும் இடமில்லை. முடிந்தவரை 500 கிராமாவது மிச்சம் வைத்துப் புறப்படுங்கள். திரும்பும்போது பை கனத்துத்தான் வரும். கொக்கியில் தொங்கவிடும் கைத்தராசு 100 கிராம் கூட இராது. அதையும் எடுத்துப் போவது வீண்பாரம் ஆகாது.

காற்றை அமுக்கி வெளியேற்றும் க்யூபுகள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை இடத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. 7 கிலோ வரம்பில் முதலில் தீர்வது எடைதான், இடமல்ல. சாதாரண வலைத்துணி க்யூப் போதும்: ஒன்றில் உடுத்தும் துணி, மற்றதில் உள்ளாடையும் சாக்ஸும்.

இனி துணி. எடைக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது காயும் நேரம். இரவு ஒன்பது மணிக்கு அலசி, பிழிந்து, அறைக்குள் தொங்கவிட்டு, காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். நடுத்துணியைத் தொட்டால் ஏமாந்துவிடுவீர்கள். இடுப்புப் பட்டி, பாக்கெட்டின் உள்துணி, அக்குள் தையல் ஆகியவை கடைசியாகத்தான் காயும். அங்கும் ஈரமில்லை என்றால் அந்தத் துணி பயணத்துக்குத் தகும். மெல்லிய நைலானும் பாலியஸ்டரும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெரினோ கம்பளி டி-ஷர்ட் ஓரிரவில் காயும். லினன் சட்டையும் காயும், சுருக்கம் மட்டும் அப்படியே நிற்கும். தடித்த பருத்தி டி-ஷர்ட் ஈரக்காற்றுள்ள ஊரில் மறுநாள் மதியம்வரை இழுக்கும். ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல் எடை, காய ஒரு நாளுக்கு மேல். அது இல்லாமல் முடியாது என்றால் உடுத்திக்கொண்டு போங்கள், பையில் வைக்காதீர்கள்.

துவைப்பதில் அவசரம் காட்டினால் பயணம் முழுக்க நாற்றத்தோடு அலைய நேரும். வாஷ்பேசின் அடைப்பான் பல அறைகளில் இருக்காது, இருந்தாலும் கசியும். உள்ளங்கை அகலத் தட்டையான சிலிக்கோன் மூடி எந்த ஓட்டையிலும் உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணிச்சோப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு அக்குள், கழுத்து, சாக்ஸின் பாதம் ஆகியவற்றை மட்டும் கசக்கினால் போதும். அலசுவதில்தான் பொறுமை வேண்டும்: நுரை நிற்கும்வரை மூன்று தண்ணீர். தங்கிப்போன சோப்பு துணியை விறைப்பாக்கும், வியர்வை பட்டதும் அரிக்கும். கைகளால் ஒருமுறை அழுத்திப் பிழிந்தபின், அறையில் இருக்கும் காய்ந்த துண்டை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, காலால் மிதியுங்கள். காயும் நேரம் இந்த ஒரு வேலையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. நம்பாதவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். மெரினோவை முறுக்கிப் பிழியக் கூடாது, வடிவம் கெடும். அதற்கும் இந்தத் துண்டு வைத்தியமே சரி.

தொங்கவிடும் இடம் அடுத்தது. குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினால் காயாது, நாறும். ஏசி ஓடும் அறை சிறந்தது, ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. மின்விசிறி இருந்தால் அதற்கு நேராக. முறுக்கிய ரப்பர் கொடிக்கயிறுக்கு கிளிப் வேண்டாம், இழைகளுக்கு நடுவே துணியின் ஓரத்தைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். காலையில் லேசான ஈரம் மிச்சமிருக்கிறதா? செயற்கை இழை என்றால் அப்படியே உடுத்திக்கொள்ளுங்கள், உடம்புச் சூட்டில் அரை மணியில் காய்ந்துவிடும். மூடிய பைக்குள் மட்டும் ஈரத்துணியை வைக்காதீர்கள். கோடைச் சூட்டில் மாலைக்குள் புளித்த வாடை ஏறி, பக்கத்துத் துணிக்கும் பரவும்.

பாலியஸ்டர் டி-ஷர்ட்டின் குறை சில மாதங்கள் கழித்தே தெரியும். உடம்பின் எண்ணெய்ப்பசை அந்த இழையில் ஒட்டிக்கொள்கிறது, கைச்சோப்புக்கு முழுதாகப் போவதில்லை. துவைத்து மடிக்கும்போது வாசனையே இருக்காது. உடுத்திப் பத்து நிமிடம் நடந்ததும் பழைய வாடை கிளம்பும். நொதி கலந்த சோப்புத்தூளில் சில மணி நேரம் ஊறப்போட்டால் பெரிதும் சரியாகும். அதே தூளை மெரினோவுக்குப் போடாதீர்கள், கம்பளியும் புரதம்தான், நொதி அதையும் அரிக்கும். ஃபேப்ரிக் கண்டிஷனர் எந்த விளையாட்டுத் துணிக்கும் ஆகாது, வியர்வையை உறிஞ்சும் தன்மை போய்விடும். மெரினோ மூன்று நாள் உடுத்தினாலும் நாறாது, அதில் அதற்கு நிகரில்லை. ஆனால் பையின் இடுப்புப் பட்டியும் பெல்ட்டின் கொக்கியும் உரசும் இடத்தில் பொத்தல் விழும். நைலான் கலந்த மெரினோ அதைவிட உழைக்கும். மூன்று டி-ஷர்ட்டில் இரண்டு மெரினோக் கலவை, ஒன்று பாலியஸ்டர் என்று வைப்பது நல்ல சமரசம்.

காலுக்கு இரண்டு ஜோடிக்குமேல் வேண்டாம். கனமானதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷூ நனைந்தால் உள்ளிருக்கும் அட்டையைத் தனியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

திரவ விதி 2006-இல் வந்தது. பாத்திரத்தின் கொள்ளளவு 100 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். பாதி காலியான 150 மி.லி. குழாயில் 60 மி.லி. மட்டுமே இருந்தாலும் குப்பைத்தொட்டிக்குப் போகும். டூத்பேஸ்ட், ஜெல், கிரீம் எல்லாம் திரவக் கணக்கு. புதிய ஸ்கேனர் வைத்த சில நிலையங்களில் இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது. வழியில் விமானம் மாறும் நிலையத்தில் அப்படி இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். ஷாம்புவைக் கட்டியாக எடுத்தால் கணக்கில் ஓர் இடம் மிச்சம். கட்டியைக் காயவைக்காமல் டப்பாவில் மூடினால் கூழாகிவிடும், துளையுள்ள டப்பா வேண்டும். சன்ஸ்கிரீனில் எல்லோரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். உடம்பு முழுக்க ஒருமுறை தடவ ஏறத்தாழ 30 மி.லி. வேண்டும். அப்படியென்றால் 100 மி.லி. மூன்று முறைக்குத்தான் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் எடுத்துச்சென்று, கடற்கரைக்கு வேண்டியதைப் போன இடத்தில் வாங்குங்கள். கைகளை அந்த முழுக்கைச் சட்டை பார்த்துக்கொள்ளும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள், மூடிக்கடியில் ஒரு துண்டு பாலித்தீன் வையுங்கள். கார்ட்ரிட்ஜ் ரேசர் போகும், தனி பிளேடு போகாது.

மருந்தை அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் வையுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், ஒரு நாட்டின் வணிகப்பெயர் இன்னொரு நாட்டில் யாருக்கும் தெரியாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைக்கும் சில நாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. போகும் நாட்டின் விதியைப் பார்க்காமல் கொண்டுபோவது ஆபத்து.

பவர் பேங்க் கையில்தான் போக வேண்டும், செக்-இன்னில் கூடாது. வரம்பு 100 வாட்-மணி. எம்ஏஎச்சை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும்: 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் பிடுங்கிவைக்க வாய்ப்பு உண்டு, அந்த இடத்தில் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் தவறும் ஓர் இடம் இருக்கிறது. விமானம் நிரம்பி மேல்தட்டில் இடமில்லாவிட்டால் வாசலிலேயே பையை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். ஏடிஆர் போன்ற சின்ன விமானத்தில் தட்டே சிறிது, முழு அளவு ட்ராலி நுழையாது. ஆகவே பாஸ்போர்ட், மருந்து, பவர் பேங்க், சார்ஜர், மூக்குக்கண்ணாடி ஆகியவை ஒரே சிறுபையில், பெரிய பையின் மேல்வாயில் இருக்கட்டும். வரிசையில் நின்றபடியே உருவி எடுக்க முடிய வேண்டும். குறிப்பாக பவர் பேங்க்: பை அடியில் போகும்போது அது உள்ளே இருக்கவே கூடாது.

பை எத்தனை காலம் உழைக்கிறது என்பதில் துணியைவிட மற்றவையே முந்திக்கொள்கின்றன. முதலில் கெடுவது ஜிப். பற்கள் நன்றாக இருந்தும் மூடிய பின் நடுவில் பிளந்தால், ஜிப்பை இழுக்கும் ஓட்டியின் வாய் தேய்ந்து அகன்றிருக்கிறது என்று பொருள். குறடால் ஓட்டியின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் மெல்ல ஒருமுறை அழுத்தினால் இன்னும் சில காலம் ஓடும். வேகமாக அழுத்தினால் உடையும். அடுத்து தோள்வார் பையோடு சேரும் தையல். மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஒற்றைத் தோள்வாரைப் பிடித்து இழுத்துத் தூக்கும் பழக்கம்தான் இதைப் பிரிக்கிறது. மூன்றாவது, உட்புறம் நீர்புகாமல் பூசிய பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தில் அது சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். வருடத்தில் பதினொரு மாதம் பாலித்தீன் உறைக்குள் கட்டிவைத்த பைக்கு இது சீக்கிரம் வருகிறது. திரும்பி வந்ததும் தோள்வாரையும் முதுகுப் பஞ்சையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, எல்லா ஜிப்பையும் திறந்தபடி, காற்றோட்டமான அலமாரியில் தொங்கவிடுங்கள்.